‘போயிட்டு வரேன்’ என்ற பட்டன்

பேய்க்கதை கேட்டால் எனக்குப் பயம் வராது, கொட்டாவிதான் வரும். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் வாசலில் கூடிநின்று, அந்த வீட்டில் ஆள் நடக்கிற சத்தம் கேட்குதாம், இந்த மரத்தடியில் ஏதோ நிற்குதாம் என்று பேசும்போது, நான் எலியாக இருக்கும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். என் தொழில் அப்படி. நான் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள். ஒன்று ஓடும், இல்லை ஓடாது, ஓடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இதை நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் ஒரு தங்கச்சி தன் அண்ணனைப் பற்றிப் பேசுகிறாள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். சின்ன கம்பெனி. எனக்குப் பக்கத்து நாற்காலி வெய் லுன், சீனப் பையன், கெட்டிக்காரன், எதையும் நம்பாதவன். கிள்ளானில் ஒரு சங்கம் நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்கு ஒரு ஆப் செய்து தரும் வேலை வந்தபோது நான்தான் முந்திக்கொண்டு வாங்கினேன். ஏனென்றால் என் குணா அண்ணன் அங்கேதான் வாரத்துக்கு மூன்று முறை ஊசி குத்திக்கொண்டு கிடந்தார். தண்ணீர் அளவோடுதான் குடிக்க வேண்டும் என்பதால் தாகத்துக்கு ஐஸ்கட்டியைத்தான் சப்புவார். நோயாளிகள் போனிலேயே வேனைக் கூப்பிடலாம், வேன் எங்கே வருகிறது என்று பார்க்கலாம், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கலாம், அதுதான் ஆப்.

மற்றவர் ரத்த ரிப்போர்ட்டை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது இல்லையா, அதற்குத்தான் டோக்கன். இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு நடந்தது உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. இந்த மாதிரி ஏற்பாட்டில் சர்வர் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. நீங்கள் முதல் தடவை பாஸ்வர்டு போட்டு உள்ளே வரும்போது, இவர் இன்னார், இதுவரைக்கும் செல்லும் என்று ஒரு சின்னச் சீட்டு எழுதி, தன்னிடம் மட்டுமே இருக்கும் ஒரு ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டு உங்கள் போனிடம் கொடுத்துவிடும். அந்தச் சீட்டுதான் டோக்கன். அதற்குப் பிறகு உங்கள் போன் ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டும். கையெழுத்து சரியா, முடிவு நேரம் தாண்டவில்லையா, இரண்டை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே விடும். முடிவு நேரம் எழுதாத டோக்கனை என் சர்வர் ஏற்கவே கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுதி வைத்தேன். இதை மறந்துவிடாதீர்கள்.

ஆப் வெளிவந்ததும் ஒரு கூத்து நடந்தது. ஆப்பை விட்டு வெளியே வருவதற்கான பட்டனில் தமிழில் ‘வெளியேறு’ என்று போட்டிருந்தேன். ஒருத்தரும் அதைத் தொடவில்லை. மையத்துக்கு நேரில் போய்க் கேட்டபோது, மெஷினில் படுத்திருந்த ஓர் ஆன்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, நாங்களே நாள எண்ணிக்கிட்டு படுத்திருக்கோம், நீ வெளியேறுன்னு பட்டன் வச்சி கொடுக்குறியா? போறேன்னு சொல்லவே எங்க வீட்டுல விடமாட்டாங்க!”

வார்டு முழுக்கச் சிரிப்பு. அடுத்த படுக்கையில் இருந்த எங்கள் அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார்.

“பாப்பா, அத மாத்திடு. போயிட்டு வரேன்னு போடு. அப்பதான் எல்லாம் அமுக்குவாங்க.”

மாற்றினேன், எல்லோரும் அமுக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் அதோடு விடவில்லை. அந்த பட்டனை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று கேட்டார். போனில் இருக்கும் டோக்கன் அழிந்துவிடும், அவ்வளவுதான் என்றேன். சர்வருக்குத் தெரியாதா என்றார். தெரியாது, அது யாரையும் ஞாபகம் வைக்காது என்றேன்.

“அது என்னா பாப்பா பேச்சு? நான் போயிட்டு வரேன்னு சொல்றேன், அந்தப் பக்கம் கேக்க ஆளே இல்லன்னா எப்படி? செவுத்துக்கிட்டயா சொல்றேன்?”

லோரி ஓட்டிய மனுஷன், போர்ட் கிள்ளானிலிருந்து பாகாங் வரைக்கும் ஓட்டியவர், அவருக்கு அது பெரிய விஷயம். வீட்டை விட்டுக் கிளம்பினால் அண்ணி சமையலறையில் இருந்தாலும் சரி, பின்பக்கம் துணி காயப்போட்டாலும் சரி, தேடிப்போய் “போயிட்டு வரேன் தேவி” என்று சொல்லி, “பத்திரமா போயிட்டு வாங்க” என்று அண்ணி பதில் சொன்ன பிறகுதான் படி இறங்குவார். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாளில்கூட வாசலில் நின்று கத்திச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்.

அவருக்காகத்தான் அதைச் செய்தேன். யாராவது அந்த பட்டனை அமுக்கினால் அவருடைய டோக்கன் சர்வரில் ஓர் அட்டவணையில் போய் உட்காரும், விடைபெற்றுக்கொண்ட டோக்கன் அது, இனி யார் கொண்டுவந்து காட்டினாலும் செல்லாது. அதன் முடிவு நேரம் தாண்டியதும் அந்த வரி தானாகவே அழிந்துவிடும். கூடவே ஒரு பதிலும் எழுதினேன். பட்டனை அமுக்கினால் திரையில் “சரி, பத்திரமா போயிட்டு வாங்க” என்று வரும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தன் இடது கையை நீட்டி என் தலையில் வைத்தார். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அந்தக் கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள், தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வு என் உச்சந்தலையில் ஓடியது.

அண்ணன் போன நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் வேன் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டது. ஏற்கெனவே உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், டிரைவர் ஹார்ன் அடித்தார். அண்ணி குளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பாத்ரூம் கதவைத் தட்டியிருக்கிறார் போல, தண்ணீர் சத்தத்தில் அண்ணிக்குக் கேட்கவில்லையாம், இல்லை தட்டவே இல்லையோ என்னவோ. அண்ணி வெளியே வந்தபோது வேன் போய்விட்டது. வேன் மையத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டது. தூங்குகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

நான் ஆபீஸிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது கிடத்தியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடது கையைத் தொட்டேன். அதிர்வு இல்லை. அப்போதுதான் நம்பினேன், அப்போதுதான் கத்தினேன்.

சாவு வீட்டில் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவர்கள் யாரும் போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்கள், பேசாமல் எழுந்து போவார்கள். நாமும் போயிட்டு வாங்க என்று சொல்லக் கூடாது. அன்று எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் அப்படித்தான் போனார்கள், அண்ணனும் அப்படித்தான் போனார். வண்டி தெருமுனை திரும்பும்போது அண்ணி கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“சொல்லாம போயிட்டாரு பாப்பா.”

அதற்குப் பிறகு அண்ணிக்கு அந்த ஒரு பேச்சுதான். யார் துக்கம் கேட்க வந்தாலும் நோயைப் பற்றிப் பேச மாட்டார், அழ மாட்டார், சொல்லாமல் போயிட்டாரு என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்வார். சாப்பாடு பாதி இறங்காது. குளிக்கப் போனால் கதவைத் தாழ் போடாமல் குளிப்பார், யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமாம். கருமாதி முடிந்தும் அது தீரவில்லை. நான் என்ன சொல்லித் தேற்றுவது? அண்ணன் உடம்பு சுகமில்லாதவர், அவசரத்தில் போயிருப்பார் அண்ணி என்றால், “சுகமில்லன்னா? சண்டை போட்ட அன்னிக்கே சொல்லிட்டுத்தானே போனாரு” என்பார்.

அண்ணன் போனை அண்ணி அவர் படத்துக்குப் பக்கத்திலேயே சார்ஜில் போட்டு வைத்திருந்தார். அன்று வேனைக் கூப்பிட ஆப்பைத் திறந்தவர், வீடு திரும்பினால்தானே பட்டனை அமுக்குவார்? அதனால் அவர் டோக்கன் உயிரோடு இருந்தது. ஒன்று முடியும் நேரத்தில் அவர் போன் தானாகவே இன்னொன்று கேட்கும், சர்வர் கொடுக்கும். ஆபீஸில் என் திரையில் அந்த வரி வரும், குணசேகரன், புது டோக்கன் கொடுக்கப்பட்டது என்று. இதில் அமானுஷ்யம் ஒன்றும் கிடையாது, போன் சார்ஜில் இருந்தால் அது அப்படித்தான் செய்யும். ஆனால் அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மூச்சு வரும். அந்த ரகசியச் சாவியை அவ்வப்போது மாற்ற வேண்டும், அதுதான் பாதுகாப்பு, மாற்றினால் பழைய கையெழுத்துப் போட்ட டோக்கன் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போகும், எல்லோரும் மறுபடி பாஸ்வர்டு போட்டுத்தான் வர வேண்டும். அண்ணனால் வர முடியாதே. வெய் லுன் கேட்டுக்கொண்டே இருந்தான், நான் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனுக்கும் காரணம் தெரியும், அதனால் கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு போன் வீங்கிவிட்டது. ராத்திரி பகல் சார்ஜிலேயே கிடந்தால் என்ன ஆகும்? பின்பக்கம் பிளந்துகொண்டு அணைந்துபோனது. அண்ணி அதை ஒரு துணியில் சுற்றி, ஏதோ குழந்தையைக் கொடுப்பது மாதிரி என்னிடம் கொடுத்தார்.

“உள்ள அவரு வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கு பாப்பா. எப்படியாச்சும் எடுத்துக் கொடு.”

பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த போன் கடைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“போர்டே போச்சுக்கா. ஒண்ணும் எடுக்க முடியாது. பேட்டரிய திருப்பித் தரமாட்டேன், பேக்ல வெடிச்சிட்டா வம்பு லா.”

பேட்டரியை அவரே வைத்துக்கொண்டார். வெறும் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியே நல்ல மழை. மோனோரயில் போகும் சத்தம்கூட மழைக்குள்ளேயிருந்துதான் கேட்டது. இனி எதைப் பிடித்து வைத்துக்கொள்வது? வெய் லுன்னிடம் சொன்னேன், மாற்றிவிடலாம் என்று. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

பழைய சாவியை அழித்தேன். புதியதை உருவாக்கிப் போட்டேன். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். எதிர்பார்த்த மாதிரியே நோயாளிகளின் போன்கள் பழைய டோக்கனோடு வந்து தட்ட ஆரம்பித்தன, திரையில் சிவப்பு வரிகளாக வந்தன, செல்லாது, செல்லாது, செல்லாது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மையத்துக்கு போன் செய்து, எல்லோரையும் மறுபடி பாஸ்வர்டு போடச் சொல்லுங்கள் என்று சொல்வதற்காக என் போனை எடுக்கக் கையைத் தூக்கினேன்.

அப்போது ஒரு பச்சை வரி வந்தது.

குணசேகரன். டோக்கன் சரி. விடைபெறுதல் ஏற்கப்பட்டது. பதில் அனுப்பப்பட்டது: சரி, பத்திரமா போயிட்டு வாங்க.

நான் கையைத் தூக்கியபடியே இருந்தேன். வெய் லுன் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனான்.

“மலர், திஸ் ஒன் ஹவ் கேன் பாஸ் ஆ?”

எப்படிச் செல்லும்? பழைய டோக்கன் என்றால் செல்லாது, சாவியே இல்லை. புது டோக்கன் என்றால், அந்தப் புதுச் சாவி பிறந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, அதைக்கொண்டு சர்வர் யாருக்கும் ஒரு டோக்கன்கூட இன்னும் கொடுக்கவில்லை. அனுப்பிய போனோ பேட்டரி இல்லாமல் என் முழங்கைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. வெய் லுன் தொட்டுப் பார்த்தான், சில்லென்று செத்துத்தான் கிடந்தது.

அவன் விடுகிற ஆளில்லை. வேறு எங்காவது பழைய சர்வர் ஓடுகிறதா, யாராவது அண்ணன் கணக்கை வேறு போனில் போட்டிருக்கிறார்களா, யாராவது புகுந்து விளையாடுகிறார்களா, மழை விட்டு விளக்குப் போடும் நேரம் வரைக்கும் தோண்டினான். சர்வர் ஒன்றுதான். வேறு போன் கிடையாது. யாரும் புகவில்லை. புகுந்தவன் எதற்கு, ரிப்போர்ட்டைப் பார்க்காமல், ஒன்றையும் எடுக்காமல், போயிட்டு வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான்? கடைசியில் வெய் லுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “யு கோ ஹோம் ஃபர்ஸ்ட் லா, மலர்” என்றான்.

கிள்ளான் ரயிலில் வழியெல்லாம் யோசித்தேன், அண்ணியிடம் சொல்வதா வேண்டாமா என்று. சொன்னால் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் இப்படியே தாழ் போடாத கதவுக்குப் பின்னால் குளித்துக்கொண்டே காலம் தள்ளுவாரோ என்றும் பயம். அதற்கு மேல் இன்னொன்று. அவரைக் கொண்டுபோன அன்று நாங்கள் யாரும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வார்த்தையை என் சர்வர் சொல்லிவிட்டது. அதற்கு என்ன தெரியும், நான் எழுதிக்கொடுத்ததை அது சொன்னது. ஆனால் செத்தவரைப் பார்த்து யாராவது போயிட்டு வாங்க என்று சொல்வார்களா?

வீட்டுக்கு வந்து, போனை அண்ணியிடம் கொடுத்து, ஒன்றையும் எடுக்க முடியவில்லை அண்ணி என்று சொல்லி, அவர் முகம் விழுவதைப் பார்க்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாவி, டோக்கன் எல்லாம் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அவருக்குப் பதில் சொன்னியா பாப்பா?”

“சர்வர் சொல்லிச்சு அண்ணி. பத்திரமா போயிட்டு வாங்கன்னு.”

அண்ணி தலையை ஆட்டினார். சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அண்ணன் போனதிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அன்றைக்கு அழுதார். நடுவில் “நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், சொல்லாம போற மனுஷனா அவரு” என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று இரவு தட்டில் போட்டதை முழுசாகச் சாப்பிட்டார். சொல்லாம போயிட்டாரு என்ற பேச்சு அதோடு நின்றது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் ஏதோ சர்வர் கோளாறு என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

விடைபெற்ற டோக்கன்கள் உட்காரும் அட்டவணை ஒன்று இருக்கிறது என்றேன் இல்லையா? முடிவு நேரம் தாண்டியதும் அந்த வரிகள் தானாக அழிந்துவிடும், மற்றவர்களுடையது எல்லாம் அப்படித்தான் வந்து வந்து அழிகிறது. அண்ணனுடையது அழியவில்லை. ஏன் என்று பார்த்தேன். முடிவு நேரம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. முடிவு இல்லாத டோக்கனை என் சர்வர் கொடுக்கவும் கொடுக்காது, ஏற்கவும் ஏற்காது, அதை எழுதியவளே நான். வெய் லுன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, வேண்டுமானால் கையாலேயே அந்த வரியை அழித்துவிடு என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது.

உங்களுக்கும் புரிகிறதா? அந்த வரி இருப்பதால்தான் அந்த டோக்கன் செல்லாது. அந்த வரியை அழித்துவிட்டால் அது மறுபடி செல்லும். அதற்கு முடிவும் கிடையாது. ஏற்கவே கூடாததை ஒரு தடவை ஏற்றுக்கொண்ட என் சர்வர், அதை வைத்திருப்பவர் எப்போது வந்து காட்டினாலும் உள்ளே விட்டுவிடும்.

இதை அண்ணியிடம் மறைக்க எனக்குத் தெரியவில்லை. அதையும் சொன்னேன். அண்ணி அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு யோசித்தார். அழி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லியிருந்தால் அழித்திருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“வேணாம் பாப்பா,” என்றார். “அங்கயாச்சும் தாகத்துக்கு நெறைய தண்ணி குடிப்பாரு. இங்க வந்தா மறுபடியும் ஐஸ்கட்டிதான், மறுபடியும் ஊசிதான். இருக்கட்டும்.”

அந்த வரியை நான் தொடவில்லை. அது இன்னும் அங்கே இருக்கிறது, முடிவு நேரம் காலியாகவே இருக்கிறது. திரையில் அதைக் கடக்கும்போதெல்லாம் என் விரல் நின்று நின்று போகிறது. அண்ணியும் அதைப் பற்றி அதற்குப் பிறகு கேட்டதில்லை. குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறார், ஒழுங்காகச் சாப்பிடுகிறார். வாசல் கிரில்லுக்கு மட்டும் இன்றுவரை பூட்டுப் போடுவதில்லை. திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் அண்ணி என்று ஒருநாள் கேட்டேன். போயிட்டு வரேன்னு சொன்ன ஆளுக்கு யாராச்சும் கதவைப் பூட்டுவாங்களா என்று திருப்பிக் கேட்டார்.